கிளிக்கு மேல் கறுப்பு பிளாஸ்டிக்

ஜூலை முதல் வாரம்.
போசோ க்ளாரோ நகராட்சி எனக்கு
ஓர் ஏணியும் நான்கு சுருள் கறுப்பு பிளாஸ்டிக்கும்
கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தது.
ஓட்டு அக்டோபரில்.
அதுவரை மேயரின் நீலக் கிளி
ஊர்ப் பணத்தில் பறக்கக் கூடாதாம்.
சட்டம்.

நான்கு வருஷம் முன்னால்
அந்தக் கிளிகளை வரைந்தவனும் நான்தான்.
சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று பேச்சு,
அதனால் வாலை நீட்டி நீட்டி வரைந்தேன்.
ஒரு முழம் வால், ஒரு வாரத்து மரவள்ளி மாவு.
இப்போது மூடுவதற்கும் அதே சதுர மீட்டர்.
நீட்டியது வீண் போகவில்லை.

ஆம்புலன்ஸ் கதவு, சுகாதார நிலையம்,
குப்பைத் தொட்டி பதினாறு,
பிறகு கல்லறைச் சுவர்.
'செத்தவர்களுக்கு ஓட்டு இல்லையே' என்றேன்.
'அழ வருகிறவர்களுக்கு இருக்கிறது'
என்றார் நகராட்சி வக்கீல் லூசிமாரா,
காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பள்ளிக்கூடத்தில்தான் சிக்கல்.
இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகப் பை,
ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கிளி.
உள்ளே வெளியே திருப்பி மாட்டச் சொன்னார் நெய்டே டீச்சர்.
தையல் பிரிந்து பென்சில்கள் வழியெல்லாம் சிந்தின.
ஒரு சிறுமி கரும்பலகையில்
நினைவிலிருந்தே கிளியை வரைந்துவிட்டாள்,
என்னுடையதை விட நல்ல இறக்கை.
குழந்தையின் கை அரசு உடைமை இல்லை.
சாக்பீஸ்?
டீச்சர் அவசரமாக அழித்தார்.

கடைசியாகத் தண்ணீர் லாரி.
இரண்டு பக்கமும் இரண்டு சுற்று ஒட்டினேன்.
ஓட்டுநர் ஜோசிவால்டோ தள்ளி நின்று பார்த்தான்,
'இப்ப இது யாரோட லாரின்னே தெரியலடா.'
இருவரும் சிரித்தோம்.
பக்கத்தில் நின்ற மேயரின் மைத்துனர்
சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

ஞாயிறு மாலை மேயரின் கூட்டம்.
பதினொரு மாதமாக மழை இல்லை,
மைதானத்தில் கால் வைத்தால் கணுக்கால் வரை புழுதி.
கறுப்பு லாரி ஒன்று பின்பக்கமாக வந்தது,
எட்டாயிரம் லிட்டரையும்
மெல்ல, சீராக, மூலை விடாமல் தெளித்தது.
நல்ல வேலை.
மண் மணத்தது.
மழை என்று நினைத்து நாய்கள் ஓடி வந்தன.
வெள்ளை ஷூ அணிந்தவர்கள் மேடை ஏறினார்கள்.
நானும் கை தட்டினேன், மறைக்க மாட்டேன்,
பாட்டு நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை என் கூலிச் சீட்டு வாங்கப் போனபோது
ஒஸ்மரீனாவின் மேசையில் லாரிப் பதிவேடு விரிந்து கிடந்தது.
'ஞாயிறு. குடிநீர். டால்வினா மேடு.
போக வர பதினெட்டு கிலோமீட்டர்.
பெற்றுக்கொண்டவர்:'
அங்கே ஒரு நீலக் கைரேகை.
'டால்வினா வந்திருந்தாளா?' என்றேன்.
'வந்தாள்' என்றாள்,
கட்டைவிரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே.

எதற்குப் போனேன் என்று தெரியாது,
மேட்டுக்கு மோட்டார் சைக்கிளை விட்டேன்.
டால்வினா வாசலில் மூன்று தகரம், மூன்றும் கவிழ்ந்து.
நான்காவதில் ஆட்டுக்குக் கொஞ்சம்,
பழுப்பாக.
லாரி வழி தவறிவிட்டதா என்று கேட்டாள்.
விரலைக் காட்டச் சொன்னேன்.
வெடித்த விரல். சாம்பல் இருந்தது,
மை இல்லை.

பறவையை மூடச் சொன்ன சட்டத்தில்
லாரியைப் பற்றியும் வரி இருக்கும்.
இல்லாமலா இருக்கும்?
லூசிமாராவிடம் கேட்கலாம், காலையில்,
அலுவலகம் திறந்ததும்,
வரிசையில் நின்று.

அன்றிரவே கொட்டகைக்குள் ஏறிக் குதித்தேன்.
ஒரு முனையைப் பிடித்து இழுத்தால்
தோல் உரிகிற சத்தம் வந்தது, நின்று நின்று உரித்தேன்.
கிளி தெரிந்தால் அபராதமாம்.
தெரியட்டும்.
எந்த ஊர் லாரி, யார் வீட்டுத் தண்ணீர் என்று
சாலையில் போகிறவனுக்குத் தெரியட்டும்.

வால் முழுசாக இருந்தது.
இறக்கையும்.
பசையோடு கண் மட்டும் கழன்று வந்துவிட்டது.
வீட்டில் நீல பெயின்ட் கொஞ்சம் பாக்கி இருக்கிறது,
கண்ணுக்குக் கறுப்புதான் வேண்டும்.